வானொலி நாடகமும் ஊர்ப்பேச்சும்

மேடை நாடகம் திரை விழுந்ததும் முடிந்து விடுகிறது. வானொலி நாடகத்துக்குத் திரை இல்லை. நடித்தவர் பெயர்களை அறிவிப்பாளர் சொல்லி முடிக்கிறார்; செய்தியறிக்கை தொடங்குகிறது; வீட்டுப் பெரியவர் பெட்டியை மூடி விடுகிறார். அந்த நேரத்தில்தான் நாடகத்தின் மறுபாதி தொடங்குகிறது. கேட்டவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். “அவள் அப்படிச் சொல்லியிருக்கலாமா?” என்கிறார் ஒருவர். “சொல்லாமல் வேறு என்ன செய்வாள்?” என்கிறார் இன்னொருவர். நேயர்களே, அந்த மறுபாதியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். சிறப்பாக, ஒரு சிற்றூரின் வாழ்வை ஆண்டுக்கணக்கில் சொல்லி வரும் தொடர் நாடகங்களையும், அவற்றைக் கேட்டு வாய் ஓயாமல் பேசும் மக்களையும் பற்றி.

நான் ஆலங்குளத்துக்காரன். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அன்று. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். சுண்ணாம்புக் கல்லும், அரசு சிமெண்டு ஆலையும் எங்கள் ஊருக்குப் பெயர் தந்தவை. சுற்றிலும் கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளும், நாங்கள் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று அழைக்கும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளுமே அடுப்பை எரிய வைக்கும். இத்தொழில்களில் ஒரு தனித்தன்மை உண்டு. கட்டையில் குச்சி அடுக்குபவளுக்கும், வெடிக்குத் திரி செருகுபவளுக்கும் கைகள் இரண்டும் ஓயாமல் ஓடும். காதும் வாயும் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் வாய் நெடுநேரம் சும்மா இருக்குமா?

திருச்சியில் 1939-ஆம் ஆண்டிலும், திருநெல்வேலியில் 1963-ஆம் ஆண்டிலும் வானொலி நிலையங்கள் அமைந்தன. வீட்டுக்கு வீடு பெட்டி வராத காலத்தில் ஊராட்சி மன்றத்து வானொலிதான் ஊருக்கெல்லாம் பொது. அந்தியில் அது பேசத் தொடங்கினால், மண்தரையில் துண்டை விரித்து அமர்ந்தோர் ஒரு பக்கம், சற்றுத் தள்ளிச் சுவரோரம் நின்று கேட்கும் பெண்கள் ஒரு பக்கம். ஆனால் பட்டாசு ஆலையின் உள்ளே அந்தப் பெட்டிக்கு இடமில்லை. ஒரு சிறு மின்பொறி போதும் உயிரை வாங்க. ஆகவே முன்னாள் இரவு கேட்ட நாடகத்தை மறுநாள் தங்கள் வாயால் மறுபடியும் நடத்துவார்கள். கேட்காதவளுக்குக் கேட்டவள் சொல்வாள். சொல்லும்போது கொஞ்சம் கூட்டுவாள், கொஞ்சம் குறைப்பாள். மாலையில் வீடு திரும்பும்போது, எழுதியவரே அறியாத சில காட்சிகள் அந்த நாடகத்தில் சேர்ந்திருக்கும்.

“மாமியாகாரி செஞ்சது சரியா மதினி?”

“சரியில்லதான். அந்தப் பிள்ளையும் வாயத் தொறந்து சொல்லணும்ல?”

“சொன்னா வீட்டுல இருக்க விடுவாகளா?”

இந்த மூன்று வரிகளை நன்றாகக் கவனியுங்கள். இருவரும் பேசுவது நாடகத்து மாமியாரைப் பற்றி. இருவர் நெஞ்சிலும் இருப்பவர் வேறு மாமியார்கள். தன் வீட்டைப் பற்றி வாய் திறந்தால் குடும்ப மானம் போகும். அடுத்த வீட்டைப் பற்றி வாய் திறந்தால் சண்டை வரும். நாடகத்து வீடு என் வீடும் அன்று, உன் வீடும் அன்று. அது மூன்றாம் வீடு. அந்த வீட்டின் கூரையைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்க்கலாம். அங்கே வாழ்பவரைத் திட்டலாம், அவருக்காக அழலாம், அவருக்கு அறிவுரையும் சொல்லலாம். கேட்டு வருந்த அங்கே உண்மையில் ஒருவரும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாய்க்கு வம்பில்லாத ஒரு வேலையை வானொலி நாடகம் தந்தது என்பது என் எண்ணம்.

இது வானொலியோடு பிறந்த வழக்கமும் அன்று. எங்கள் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகே அருச்சுனாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பஞ்சத்துக்கு அஞ்சித் தமையன் வீடு தேடி வந்து, அண்ணியின் கொடுமையால் மனம் நொந்து, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்து தானும் மாண்ட நல்லதங்காளுக்கு அங்கே கோயில் உண்டு. கதையில் வரும் அந்த அண்ணி மூளி அலங்காரி. ஈவிரக்கமற்ற அண்ணியை ‘மூளி அலங்காரி’ என்று குறிப்பிட்டால் எங்கள் பக்கத்தில் வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஓராயிரம் வார்த்தைகளை மிச்சப்படுத்திக் கொள்ளும் இந்த வசதியைக் கதைப்பாட்டும் தெருக்கூத்தும் முன்பே கொடுத்திருந்தன. வானொலி செய்தது என்ன? ஆண்டுக்கு ஒருமுறை கொடையின்போது கேட்ட கதையை, நாள்தோறும் நடக்கும் கதையாக மாற்றியது. நல்லதங்காளின் முடிவு எல்லோருக்கும் தெரியும். தொடர் நாடகத்துப் பெண்ணின் நாளைய நிலை ஒருவருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே பேச்சு வளர்கிறது.

இத்தகைய தொடர் நாடகங்களுள் நெடுநாள் வாழ்வது இங்கிலாந்தில் உள்ளது. ஆம்பிரிட்ஜ் என்பது ஊரின் பெயர். போர்செட்ஷயர் என்பது மாவட்டத்தின் பெயர். இரண்டும் எந்தத் தேசப்படத்திலும் இல்லை. ஆர்ச்சர் என்னும் உழவர் குடும்பத்தின் பெயரால் வழங்கும் இந்நாடகம் 1950-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் நடுநாட்டுப் பகுதிக்கு மட்டும் முன்னோட்டமாக ஒலித்தது. 1951 சனவரி முதல் நாளிலிருந்து நாடு முழுவதற்கும் ஒலிபரப்பாகி, இன்றும் நடந்து வருகிறது. உலகிலேயே நீண்ட நாள் நடக்கும் தொடர் நாடகம் இதுவே.

இது தோன்றிய கதை சுவையானது. போர் முடிந்தும் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு நீங்கவில்லை. 1954-இல்தான் அது முற்றிலும் நீங்கியது. விளைச்சலைப் பெருக்க வேண்டும். உழவர்க்கென்று நடந்த ஒலிபரப்புக்களோ உழவருக்கே உறக்கத்தை வருவித்தன. 1948-இல் பர்மிங்காமில் ஒலிபரப்புக் கழகத்தார் உழவரைக் கூட்டி வழி கேட்டனர். அந்நாளில் டிக் பார்ட்டன் என்ற துப்பறிவாளன் கதையை வானொலியில் கேட்க நாடே காத்துக் கிடந்தது. வேளாண்மைக்கும் அப்படி ஒரு டிக் பார்ட்டன் வேண்டும் என்றார் லிங்கன்ஷயர் உழவர் ஒருவர். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. காட்பிரி பேஸ்லி என்னும் அமைப்பாளர் மட்டும் அதை மறக்கவில்லை. மாட்டுநோயையும் உரத்தையும் பற்றிய செய்தியைக் குடும்பச் சண்டையினிடையே பொதிந்து கொடுக்கலாம் என்று கண்டார். மருந்தை வெல்லத்தில் பொதிந்து தரும் நம் பாட்டிமார் வழிதான். அரசின் வேளாண்மைத் துறையோடு வைத்திருந்த தொடர்பை 1972-இல் விட்டொழித்தனர். நாடகம் நிற்கவில்லை. மருந்து போனபின்னும் வெல்லத்துக்கு ஆள் இருந்தது என்று நீங்கள் நகைக்கலாம். அது முழு விடை அன்று என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

1955 செப்டம்பர் 22-ஆம் நாள், இங்கிலாந்தில் வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய அதே இரவு, அந்நாடகத்தில் கிரேஸ் ஆர்ச்சர் என்னும் புதுமணப்பெண் தீப்பற்றிய லாயத்தில் குதிரையை மீட்கப் புகுந்து உயிரிழந்தாள். கேட்டவர் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் என்று கணக்கிட்டனர். ஒலிபரப்பு நிலையத்துத் தொலைபேசிகள் ஓயவில்லை. இரங்கற் கடிதங்கள் குவிந்தன, மலர்களும் வந்தன. ‘இவர்கள் என்ன பேதைகளா? இல்லாத பெண்ணுக்கு மலர் அனுப்புவதா?’ என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். நல்லதங்காளுக்குக் கண்ணீர் விடும் எங்கள் ஊர்ப் பாட்டிக்கும் அது கதை என்று தெரியும். தெரிந்தே அழுகிறாள். தன் பெயர் சொல்லாமல் அழுவதற்கு அது ஓர் இடம். பத்தாண்டுகளுக்கு முன் போரில் மகனைப் பறிகொடுத்து, அக்கம்பக்கத்தார் முன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தாய்மாரும் அந்த இங்கிலாந்தில் இருந்தனர் அல்லவா?

அந்நாடகத்தின் அன்பர்களுக்குள் ஒரு வேடிக்கையான கூட்டமும் உண்டு. ஆம்பிரிட்ஜ் உண்மையான ஊர், அங்கே பேசுபவர் உண்மையான மக்கள், நடிகர் என்று ஒருவரும் இல்லை என்று அவர்கள் முகம் மாறாமல் சாதிப்பார்கள். சாதிப்பதற்குச் சிறிது காரணமும் இருக்கிறது. பில் ஆர்ச்சராகப் பேசிய நார்மன் பெயிண்டிங் 1950 முதல் 2009-இல் தாம் இறக்கும் வரை அப்பாத்திரத்தை விடவில்லை. பெகி என்னும் பாத்திரத்தை முன்னோட்டத்திலேயே ஏற்ற ஜூன் ஸ்பென்சர் 2022-இல், தம் 103-ஆம் வயதில், ஓய்வு பெற்றார். கேட்பவரோடு சேர்ந்து இளமையும் முதுமையும் அடைந்த குரலைப் பொய்க்குரல் என்று எப்படிச் சொல்வது?

ஆயினும் அந்தப் பேச்சு வேடிக்கையோடு நிற்கவில்லை. 2016-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஹெலன் என்னும் பெண்ணின் கணவன் எடுத்த எடுப்பில் கை ஓங்குபவன் அல்லன். இனிக்க இனிக்கப் பேசுவான். அவள் உடுக்கும் உடை, பேசும் தோழி, செலவிடும் காசு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தன் பிடிக்குள் கொண்டு வந்தான். ஈராண்டுக்கு மேலாக நாடகம் இதை மெல்ல மெல்லக் காட்டியது. கேட்டவர் இரு கட்சியானார்கள். ‘இது உழவர் நாடகமா? இந்த வேதனையை ஏன் எங்கள் வீட்டுக்குள் கொண்டு வருகிறீர்கள்?’ என்றனர் சிலர். ‘இது என் கதை, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை இன்றுதான் அறிந்தேன்’ என்றனர் சிலர். அத்தகைய அடக்குமுறையைக் குற்றமாக்கும் சட்டம் 2015 டிசம்பரில்தான் அங்கே நடைமுறைக்கு வந்திருந்தது. சட்டநூலில் இருந்த சொல்லைச் சமையலறைக்குக் கொண்டு வந்தது நாடகம். கேட்பவர் ஒருவர் ஹெலனின் பெயரால் ஒரு நிதி தொடங்கினார். கொடுமைக்கு ஆளான பெண்களைக் காக்கும் ஓர் அறநிலையத்துக்கு அந்நிதியால் ஒன்றரை இலட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. இல்லாத பெண்ணின் பெயரால் திரண்ட பணம் இருக்கின்ற பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது. முடிவில் கணவனைக் குத்தியதாக ஹெலன் குற்றக் கூண்டில் நின்றபோது, அறங்கூறாயத்தார் தம் அறைக்குள் இருந்து வாதிடுவதையே ஒரு மணி நேர நாடகமாக ஒலிபரப்பினர். நாடு முழுதும் வீட்டுக்கு வீடு நடந்த பேச்சு, நாடகத்தின் உள்ளேயே புகுந்து அமர்ந்துகொண்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கேட்பதைக் காட்டிலும் கேட்டபின் பேசுவதே பயன் மிகுவது என்பதை இந்தியாவிலே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டில், யுனெஸ்கோவின் உதவியோடு, அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்களில் ‘பண்ணை வானொலி மன்றங்கள்’ அமைத்தனர். பூனா நிலையம் வாரம் இருமுறை ஒலிபரப்பியது. ஒவ்வோர் ஊரிலும் இருபது பேர் போல் கூடிக் கேட்டனர். கேட்டு முடிந்ததும் எழுந்து போய்விடாமல் அமர்ந்து விவாதித்தனர். கனடா நாட்டு உழவர் மன்றங்களில் கண்ட முறை இது. வானொலி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களையும், வானொலியே இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார் பால் நியூராத் என்னும் அறிஞர். அறிவு நன்றாக வளர்ந்திருந்தது மன்றம் இருந்த ஊர்களில்தான். பெட்டி மட்டும் இருந்த ஊர்கள் அவற்றின் அருகே வரவில்லை. 1959-இல் இம்முறையை நாடெங்கும் பரப்பினர்.

தமிழகத்துச் சான்று ஒன்றும் உண்டு. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் நெல்லைப் பற்றி, 1960-களின் நடுவில், திருச்சி வானொலி இடைவிடாமல் பேசியது. தஞ்சைத் தரணியின் உழவர் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டிவிட்டனர். ஆராய்ச்சியாளர் இட்ட எண்ணைக் களத்துமேட்டுப் பேச்சு ஒதுக்கித் தள்ளித் தன் பெயரை வைத்துக்கொண்டது.

நாடகத்துக்கே திரும்புகிறேன். 1996 பிப்ரவரியிலிருந்து ஓராண்டு, வாரத்துக்கு இருமுறையாக 104 பகுதிகள், அகில இந்திய வானொலி ‘திங்க்கா திங்க்கா சுக்’ என்னும் இந்தித் தொடர் நாடகத்தை வழங்கியது. துரும்பு துரும்பாகச் சேரும் இன்பம் என்பது பொருள். கற்பனைச் சிற்றூர் ஒன்றின் கதை. அதில் பூனம் என்னும் மணமகள் வரதட்சிணைக் கொடுமையால் தன் உயிரை மாய்த்துக் கொள்கிறாள். உத்தரப்பிரதேசத்தில் லுட்சான் என்று ஒரு சிற்றூர். அவ்வூர்த் தையற்காரர் ஒருவர் நாடகத்தில் ஈடுபாடு கொண்டவர். தையற்கடை என்றால் உங்களுக்குத் தெரியும். துணி கொடுக்க வருபவர், வாங்க வருபவர், இரண்டுக்கும் இல்லாமல் வந்து அமர்பவர். பூனத்தின் சாவு அங்கே பேச்சாயிற்று. பேச்சு கடிதமாயிற்று. சுவரொட்டி அளவுள்ள பெரிய தாள். அதில், வரதட்சிணை கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்ற உறுதிமொழி. கீழே 184 பேரின் கையெழுத்தும் கைநாட்டும். அதை வானொலி நிலையத்துக்கு அனுப்பினர்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் சொல்வோர் இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டல் வாங்கி விடுகின்றனர். நான் அப்படி நிறுத்த விரும்பவில்லை. ஆராய்ச்சியாளர் அவ்வூருக்குச் சென்று பல நாள் பேசிப் பார்த்தனர். மாற்றம் நேர்கோட்டில் நடக்கவில்லை. ஊர்ப் பெரியோரும் உறவினரும் எதிர்த்தனர். ஒரு கையால் உறுதிமொழியில் ஒப்பமிட்டு, மறு கையால் பழைய வழக்கத்தைப் பற்றிக்கொண்டோரும் இருந்தனர். வியப்பு என்ன? நூற்றாண்டு வழக்கம் 104 பகுதிகளில் கரைந்துவிடுமா? ஆனாலும் ஒன்று நடந்தது. அதுவரை தன் மகளின் சீரைப் பற்றித் தனியே கணக்குப் பார்த்துத் தனியே கலங்கிய தந்தை, பக்கத்துத் திண்ணையில் இருப்பவனும் அதே கணக்கில் கலங்குகிறான் என்று அறிந்துகொண்டான். அவனுக்கு அதை அறிவித்தது வானொலி அன்று, தையற்கடைப் பேச்சு. வானொலி கொடுத்தது பூனத்தை மட்டுமே.

நாடகம் எழுத விரும்பும் மாணவர் சிலர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். சென்னை வானொலியில் சுகி சுப்பிரமணியம் எழுதிய ‘காப்புக்கட்டிச் சத்திரம்’ போன்ற தொடர்களை உங்கள் வீட்டு முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அவர்கள் நினைவில் நிற்பது அறிவுரை அன்று, ஆட்கள். ‘ஆகையால் நேயர்களே, வரதட்சிணை தீது’ என்று பாத்திரமே சொல்லிவிட்டால், கேட்டவர் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கொட்டாவி விட்டு எழுந்து போவார். இருபக்கமும் நியாயம் இருக்க வேண்டும். மாமியாருக்கும் ஒரு பழைய காயம் இருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் பேசப்படாத செய்திகள் பல உள. பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எந்த நேரத்தில் கலக்கலாம் என்றெல்லாம் விதி இருக்கிறது. சுவரில் எழுதியும் இருக்கிறது. தீபாவளி நெருங்கி, வேலை மிகுந்து, கூலியும் சற்று மிகும்போது அச்சுவர் யார் கண்ணிலும் படுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் அளவில் மாண்டனர். அவர்களுள் அந்த ஆலையில் வேலை செய்யாதவர் பலர். முதல் வெடி கேட்டு உதவிக்கும், பார்ப்பதற்கும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள் அவர்கள். எரியும் கிடங்கை நோக்கி ஓடாதே என்று துண்டறிக்கை அச்சிடலாம். தம்பி உள்ளே இருக்கிறான் என்று ஓடுகிறவன் துண்டறிக்கையைப் படித்துக்கொண்டு ஓடமாட்டான். ஒரு நாடகத்தில், ஈராண்டாக நாம் கேட்டுப் பழகிய ஓர் அண்ணன் அப்படி ஓடி, மறுநாள் அவன் குரல் வானொலியில் இல்லாமற் போனால், அந்த வாரம் முழுதும் எங்கள் ஆலைகளில் வேறு பேச்சு இராது. ‘அவன் ஓடியிருக்கக் கூடாது’ என்று ஒருத்தி சொல்வாள். ‘உன் தம்பியாக இருந்தால்?’ என்று மற்றொருத்தி கேட்பாள். இன்றுவரை ஒருவரும் கேட்கத் துணியாத கேள்வி அது. முன்பணம் வாங்கியவள், கண்காணி சொல்லும் வேலையை மறுக்க முடியுமா என்ற கேள்வியும் அதன் பின்னே வரும்.

அப்படி ஒரு நாடகத்துக்கு ஊரின் பெயரை எந்தத் தேசப்படத்திலும் இல்லாததாகவே வைக்க வேண்டும். ஆலங்குளம் என்று வைத்தால் நாளைக்கே என் வீட்டு வாசலில் நாலு பேர் வந்து நிற்பார்கள். கதைக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பருத்தி போட்டவனுக்கு மழை வேண்டும். செய்த பட்டாசு உலர்வதற்கு வெயில் வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் கரிசற்காட்டு உழவன். தம்பி மனைவி பட்டாசு ஆலைக்குப் போகிறவள். ஐப்பசி மாதத்து விடியலில் மேற்கே மேகம் திரண்டு நிற்கிறது. இருவரும் ஒரே வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள்.